1/24 கார் மாடல்: பெயிண்ட், குரோம், உள்வேலை – கேள்வி பதில்

வந்திருக்கும் கேள்விகளில் முக்கால்வாசி, பிளாஸ்டிக் கிட் வாங்கி ஒட்டிப் பெயிண்ட் அடிக்கும் 1/24 கார்களைப் பற்றியவை. ஒரு கணக்கை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்: இந்த அளவில் 1 மி.மீ. என்றால் நிஜக் காரில் 24 மி.மீ. கதவு இடுக்கு நிஜத்தில் 4 மி.மீ. இருந்தால் மாடலில் 0.17 மி.மீ.தான் வரவேண்டும். பெயிண்ட் 0.1 மி.மீ. ஏறினாலே, நிஜக் காரில் இரண்டரை மி.மீ. அப்பியதற்குச் சமம். மாடல் பொம்மை மாதிரி தெரிகிறதென்றால், பெரும்பாலும் பாகம் குறைந்ததால் இல்லை, எல்லாம் தடித்துப்போனதால்தான்.

கேள்வி: முதல் கிட்டாக எதை வாங்கலாம்? 1/24, 1/25 இரண்டும் கிடைக்கிறதே? (திருச்சி)

ஜப்பானிய கம்பெனிகளான டாமியா, ஹசெகாவா, ஃபுஜிமி, அவோஷிமா ஆகியவை 1/24-ல் செய்கின்றன. பழைய அமெரிக்கக் கார் கிட்கள் பெரும்பாலும் 1/25. வித்தியாசம் 4 சதவீதம்தான். அலமாரியில் பக்கத்தில் வைத்தால் கண்ணில் படாது. ஒன்றின் சக்கரத்தை இன்னொன்றில் மாட்டும்போதுதான் இடிக்கும்.

முதல் கிட்டுக்கு எஞ்சின் இல்லாத, பானெட் திறக்காத கிட்டாக எடுங்கள். டாமியாவின் டொயோட்டா ஜிஆர்86 மாதிரி. திறக்கும் கதவும் பானெட்டும் ஆசையைத் தூண்டும், ஆனால் பாடி நேராக உட்காருவதை அதுதான் முதலில் கெடுக்கும். பெயிண்ட்டே பயம் என்றால் அவோஷிமாவின் 1/32 ஸ்னாப் கிட் வரிசையில் சுசுகி ஜிம்னி இருக்கிறது. நிறம் பிளாஸ்டிக்கிலேயே இருக்கும், பசையும் வேண்டாம். பாகம் வெட்டவும் தழும்பு தேய்க்கவும் கை பழக அது போதும்.

கேள்வி: அண்ணா, கிட் விலைக்கே பெயிண்ட் விலை இருக்கிறது. ஹார்டுவேர் கடை தின்னரும் கார் டச்-அப் ஸ்ப்ரேயும் போட்டால் என்ன? (சேலம்)

தம்பி, ஹார்டுவேர் கடையில் தருவது என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னர், அது தகரத்துக்கானது. கிட் பிளாஸ்டிக் பாலிஸ்டைரீன். அந்தத் தின்னர் அதைக் கரைக்கும். வழவழப்பான பாடியில் நேராக அடித்தால் பொடிப்பொடியாக வெடிப்பு விழும், அதை எந்தப் பெயிண்ட்டும் மூடாது. பிரஷ் கழுவ, ஏர்பிரஷ் (காற்றழுத்தத்தில் பெயிண்ட் தூவும் கருவி) கழுவ அதை வைத்துக்கொள்ளுங்கள். பெயிண்ட்டில் கலக்க வேண்டாம்.

டச்-அப் ஸ்ப்ரே அடித்தே ஆகவேண்டுமென்றால், பிளாஸ்டிக்குக்கான பிரைமர் இரண்டு மெல்லிய கோட் போட்டு முழுக்கக் காயவிட்டு, கிட்டின் கிளைச்சட்டத்தில் (பாகங்கள் ஒட்டிக்கொண்டு வரும் சட்டம்) முதலில் சோதியுங்கள். மெட்டாலிக் நிறமாக இருந்தால் அப்போதும் வேண்டாம். அதிலுள்ள மினுமினுப்புத் துகள் நிஜக் காருக்கான அளவு. மாடலில் ஜிகினா தூவியது போல் நிற்கும். மாடலுக்கென்று வரும் மெட்டாலிக்கில் துகள் நன்றாக அரைக்கப்பட்டிருக்கும். காசு மிச்சம் பிடிக்க வேண்டுமானால் உள்வேலை நிறங்களில் பிடியுங்கள், பாடி நிறத்தில் பிடிக்காதீர்கள்.

கேள்வி: மழைக்காலத்தில் டாமியாவின் டிஎஸ் ஸ்ப்ரே (லாக்கர் பெயிண்ட் டப்பா) அடித்தால் பாடி முழுக்கப் பால் பூத்த மாதிரி வெளுத்துப்போகிறது. டப்பா கெட்டதா? (சென்னை, ஆவடி)

டப்பா கெடவில்லை. லாக்கர் பெயிண்ட்டின் கரைப்பான் வேகமாக ஆவியாகும்; ஆவியாகும்போது அந்த இடத்தைக் குளிர வைக்கும். காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால் அந்தக் குளிர்ச்சியில் நீர் படிந்து பெயிண்ட்டுக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். கறுப்பிலும் அடர்நீலத்திலும் அப்பட்டமாகத் தெரியும். வெள்ளையில் தெரியாது, ஆனால் பளபளப்பு செத்திருக்கும்.

ஐப்பசி கார்த்திகையில் காலையிலும் இரவிலும் அடிக்காதீர்கள். முந்நூறு நானூறு ரூபாய்க்கு ஒரு ஈரப்பதமானி வாங்கி வையுங்கள். 65 சதவீதத்துக்குக் கீழே வந்தால் அடிக்கலாம், 75-ஐத் தாண்டினால் மூடி வைத்துவிட்டு உள்வேலையைப் பாருங்கள். மதியம் இரண்டு மணி வாக்கில் பெரும்பாலும் இறங்கும். ஏசி அறை ஈரத்தைக் குறைக்கும், ஆனால் மூடிய அறைக்குள் அடித்தால் மூச்சுக்குக் கேடு. ஏசி அறையில் பாடியை ஒரு மணி நேரம் வைத்திருந்து, வெளியே கொண்டுபோய் அடித்து, மணம் அடங்கியபின் உள்ளே காயவையுங்கள். துணி மாஸ்க் தூசியைத்தான் தடுக்கும். கரைப்பான் ஆவிக்கு, ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜ் போட்ட மாஸ்க் வேண்டும்.

வெளுத்தது வெளுத்துவிட்டதென்றால் தேய்க்க வேண்டாம். காற்று உலர்ந்த நாளில், ரிட்டார்டர் (காய்வதைத் தாமதப்படுத்தும் திரவம்) கலந்த லாக்கர் தின்னரை மட்டும் ஏர்பிரஷில் மெல்லிய பனியாக ஒரு தடவை விடுங்கள். மேற்பரப்பு மறுபடி இளகும், ஈரம் வெளியேறும், நிறம் திரும்பும். ஏர்பிரஷ் இல்லாவிட்டால் அதே நிறத்தில் ஒரு ஈரமான கோட் போட்டாலும் பல நேரம் சரியாகும்.

கேள்வி: சிவப்பு பிளாஸ்டிக் பாடிக்கு வெள்ளை அடித்தேன். இரண்டு நாளில் ரோஸ் ஆகிவிட்டது. (கோவை)

பிளாஸ்டிக்கில் உள்ள சிவப்புச் சாயம் லாக்கரில் கரைந்து மேலே ஏறியிருக்கிறது. இன்னும் வெள்ளை அடித்தால் இன்னும் ஏறும், தடிமனும் ஏறும். 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் இரவு முழுக்க ஊறப்போட்டுப் பழைய பல்துலக்கியால் தேய்த்து எடுத்துவிடுங்கள். அசிட்டோன் மட்டும் வேண்டாம், பாடியே போய்விடும். பிறகு சாம்பல் பிரைமர், அதன்மேல் முழுக்க மூடும்படி சில்வர், அதன்மேல் வெள்ளை பிரைமர், வெள்ளை. சில்வரின் அலுமினியத் துகள்கள் ஓடு போட்ட மாதிரி படிந்து சாயத்தை அடைக்கும்.

கேள்வி: கிளியர் (நிறத்தின் மேல் போடும் நிறமற்ற பூச்சு) அடித்தபின் ஆரஞ்சுத் தோல் போல் இருக்கிறது. ஷோரூம் கார் மாதிரி கண்ணாடியாக எப்படிக் கொண்டுவருவது? (சிங்கப்பூர்)

சொரசொரப்பு வருவதற்குக் காரணம், துளி பாடியில் விழுந்து பரவும் முன்பே காய்ந்துவிடுவது. டப்பாவைத் தூரமாகப் பிடித்திருப்பீர்கள், அல்லது டப்பா குளிர்ந்திருக்கும். 40 டிகிரி வெதுவெதுப்பான தண்ணீரில் டப்பாவை ஐந்து நிமிடம் வைத்து எடுங்கள். கொதிநீர் கூடாது, வெடிக்கும். 20 செ.மீ. தூரம், பாடிக்கு வெளியே அழுத்த ஆரம்பித்து வெளியே போய் விடவேண்டும். முதல் கோட் பனி மாதிரி மட்டும். பத்து நிமிடம் கழித்து நடுத்தரமாக ஒன்று. இருபது நிமிடம் கழித்து ஈரமாகப் பளபளக்கும்படி ஒன்று. டிஎஸ்-13 கிளியர் என்றால் இப்படி மூன்று போதும். ஏர்பிரஷ் உள்ளவர்கள் லாக்கர் கிளியர் 1 பங்குக்கு லெவலிங் தின்னர் 2 பங்கு, 0.3 மி.மீ. நாசில், 15 முதல் 20 பிஎஸ்ஐ.

அப்புறம் பொறுமை. ஒரு வாரம் தொடாதீர்கள். மூக்கருகே கொண்டுபோனால் தின்னர் வாசனை வரக்கூடாது. வந்தால் இன்னும் இரண்டு நாள். காயாத கிளியரைத் தேய்த்தால் இழுத்துக்கொண்டு வரும், பாலிஷ் போட்ட பளபளப்பும் மாதத்துக்குள் சுருங்கி மங்கும்.

தேய்க்க 2000 வாட்டர் பேப்பர், தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு. கூரை, பானெட் போன்ற தட்டையான இடத்தில் மட்டும், ஒரே திசையில். சாய்த்துப் பார்த்தால் பளபளப்பான புள்ளிகள் தெரியும், அவை பள்ளங்கள். அவை மறையும் வரைதான் தேய்க்கவேண்டும், அதற்குமேல் ஒரு இழுப்புகூட வேண்டாம். பிறகு 3000, அதன்பின் டாமியா காம்பவுண்ட்: சிவப்பு மூடி, நீல மூடி, வெள்ளை மூடி என்ற வரிசையில், ஒவ்வொன்றுக்கும் தனித் துணி.

பெயிண்ட் போய்விடும் இடம் எப்போதும் மேடுதான்: ஃபெண்டரின் முகடு, கதவுக் கோட்டின் விளிம்பு, பானெட் மடிப்பு. கிளியர் அங்கே வழிந்து மெலிந்திருக்கும். அந்த இடங்களில் 1 மி.மீ. அகல மாஸ்க்கிங் டேப்பை ஒட்டிவிட்டுத் தேயுங்கள், காம்பவுண்ட் போடும்போது மட்டும் எடுத்துவிடுங்கள்.

டூ-கே கிளியர், அதாவது ஹார்டனர் கலந்து அடிக்கும் இருபாகக் கிளியர் பற்றியும் கேட்டிருந்தீர்கள். பளபளப்பு அடித்த கையோடு வரும், உண்மை. ஆனால் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது, ஆஸ்துமா வரவழைக்கக்கூடியது. அடுக்குமாடி பால்கனியில் அடிக்கும் பொருள் இல்லை அது. தடிமனும் கூடுதல், கதவுக் கோடு அடைபடும். லாக்கரில் தேய்த்து எடுப்பதே நல்லது.

கேள்வி: பெயிண்ட் முடிந்ததும் கதவுக் கோடுகள் காணாமல் போகின்றன. (மதுரை)

பிரைமருக்கு முன்பே ஆழப்படுத்த வேண்டும். பிளேடின் முதுகுப்பக்கத்தையோ ஸ்கிரைபரையோ கோட்டில் வைத்து எடையே கொடுக்காமல் பத்துப் பன்னிரண்டு தடவை இழுங்கள். அகலமாக்கக் கூடாது, ஆழம்தான் வேண்டும். பாலிஷ் முடிந்தபின் பேனல் லைன் அக்சென்ட் (கோட்டுக்குள் ஓடி அதை எடுத்துக்காட்டும் நீர்த்த பெயிண்ட்) விடும்போது வெள்ளைக் காருக்குச் சாம்பல், சிவப்புக்கு அடர்பழுப்பு. கறுப்பு போட்டால் கார்ட்டூன் ஆகிவிடும். அது எனாமல்; லாக்கர் மேல் பத்திரம். வெறும் பிளாஸ்டிக்கில், அதுவும் இறுக்கமாகப் பொருந்திய இடத்தில் விட்டால் விரிசல் விடும்.

கேள்வி: கண்ணாடியை ஃபெவிகுயிக்கில் ஒட்டினேன், சுற்றிலும் வெண்புகை. (விருதுநகர்)

ஃபெவிகுயிக் ஆவி கண்ணாடியில் படிந்த புகை அது. காம்பவுண்டில் தேய்த்தால் ஓரளவு போகும். கண்ணாடிக்கும் விளக்குக்கும் ஃபெவிகால் மாதிரி வெள்ளைப் பசையே போதும். பல்குத்தி முனையில் எடுத்து உள்விளிம்பில் புள்ளி வையுங்கள். வழிந்தால் ஈரப் பஞ்சில் துடைக்கலாம்.

கேள்வி: பழைய காரின் குரோம் பட்டையும் பின்புற எழுத்தும் சில்வர் பெயிண்ட்டில் சாம்பலாகத்தான் தெரிகிறது. (யாழ்ப்பாணம்)

பெயிண்ட்டில் வராது. பேர் மெட்டல் ஃபாயில் வாங்குங்கள். பின்னால் பசை உள்ள மிக மெல்லிய உலோகத் தாள். பாடி பாலிஷ் முடிந்தபின், பட்டையைவிட இரு மடங்கு அகலமாக வெட்டி, சுருக்கமில்லாமல் வைத்து, காதுக்குடையும் பஞ்சால் நடுவிலிருந்து வெளியே அழுத்துங்கள். பட்டையின் அடிவிளிம்பு தெளிவாகத் தெரிந்ததும் புது பிளேடை அந்த விளிம்பில் சாய்த்து, பாரம் தராமல் இழுக்கவேண்டும். ஒரு பக்கப் பட்டைக்கு ஒரு பிளேடு முனை. மழுங்கிய பிளேடு தாளைக் கிழிக்கும், நீங்கள் அழுத்துவீர்கள், அது பெயிண்ட்டுக்குள் இறங்கும்.

எழுத்துக்கு முறை வேறு. பிரைமருக்குப் பின், நிறத்துக்கு முன்னால், எழுத்தின் மேல் ஃபாயிலை ஒட்டி எழுத்தின் வடிவம் எழும்படி அழுத்திவிடுங்கள். அதன்மேலேயே பாடி நிறத்தை அடியுங்கள். நிறம் காய்ந்தபின், கிளியருக்கு முன், பல்குத்தி முனையைச் சப்பையாக்கி லாக்கர் தின்னரில் தொட்டு, துணியில் ஒற்றிவிட்டு, எழுத்தின் தலையை மட்டும் தடவுங்கள். மேலே உள்ள நிறம் மட்டும் கரைந்து உள்ளிருக்கும் உலோகம் மின்னும். அரை மி.மீ. உயர எழுத்துகூடப் படிக்கும்படி வரும். எந்தத் தூரிகையாலும் அப்படி எழுத முடியாது.

மொலோடோ லிக்விட் குரோம் பேனா கைப்பிடி, வைப்பர் முனை போன்ற வளைந்த சிறு இடங்களுக்கு அருமை. அதன்மேல் கிளியர் அடித்தால் மட்டும் சாம்பலாகிவிடும்.

கேள்வி: எஞ்சினுக்கு வயர் போட எந்தக் கம்பி? சீட் பெல்ட்? (கோலாலம்பூர்)

நிஜ ஸ்பார்க் பிளக் வயர் 7 முதல் 8 மி.மீ. இருபத்துநான்கால் வகுத்தால் 0.3. மோட்டார் ரீவைண்டிங் கடையில் 30 கேஜ் வைண்டிங் கம்பி கேளுங்கள். எஸ்டபிள்யூஜி அளவில் அது 0.315 மி.மீ. டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள நாலு சிலிண்டர் எஞ்சினுக்கு நாலு வயர், நடுவிலிருந்து காயிலுக்கு ஒன்று, மொத்தம் ஐந்து. கைத்துளைப்பானில் 0.35 பிட் போட்டுத் துளைத்துச் செருகுங்கள். மேலே ஒட்டினால் நிற்காது.

பெல்ட் நிஜத்தில் 48 மி.மீ. அகலம், மாடலில் 2 மி.மீ. கறுப்பு மாஸ்க்கிங் டேப்பை இரண்டாக ஒட்டி வெட்டினால் தடிமன் சரியாக வரும், மடித்தால் துணி போலவே விழும். கார்ப்பெட்டுக்கு ஃப்ளாக் தூள் (பொடியாக வெட்டிய இழை): தண்ணீர் கலந்த ஃபெவிகால் தடவி, டீ வடிகட்டியால் சலித்துத் தூவி, அரைமணி கழித்துக் கவிழ்த்துத் தட்டுங்கள். தடவும்போது குழம்பாகத் தேங்க விட்டால் அந்த இடம் கட்டியாகும்.

கேள்வி: பெட்டியில் கிடந்த பழைய கிட்டில் டயர் பட்ட இடத்தில் கண்ணாடி உருகியிருக்கிறது! (சென்னை)

மென்மையான வினைல் டயரிலிருந்து கசியும் பிளாஸ்டிசைசர் (வினைலை மென்மையாக்கச் சேர்க்கும் பொருள்) வேலை. கிட் வாங்கிய அன்றே டயர்களைத் தனி ஜிப் கவரில் போடுங்கள். மாட்டும்முன் தரையில் படும் பகுதியை 400 உப்புத்தாளில் தேய்த்தால் நடுவிலுள்ள அச்சுக்கோடும் போகும், ஓடிய டயர் போல மங்கலும் வரும்.

கேள்வி: கடையில் விற்கும் பிளாஸ்டிக் பொம்மை அம்பாசிடரை நல்ல மாடலாக்க முடியுமா? (திருநெல்வேலி)

முடியும், நல்ல வேலையும்கூட. முதலில் அளவைக் கண்டுபிடியுங்கள். அம்பாசிடரின் வீல்பேஸ், அதாவது முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைவெளி, 2464 மி.மீ. பொம்மையில் அந்த இடைவெளியை அளந்து 2464-ஐ அதால் வகுங்கள், வருவதுதான் அளவு. 1/24 ஆக இருந்தால் 102.7 மி.மீ. வரவேண்டும். சக்கரம் வாங்கும்போதும் இதே கணக்கு: 15 அங்குல ரிம் 1/24-ல் 15.9 மி.மீ.

அடுத்து பிளாஸ்டிக் எது என்று பாருங்கள். உட்புறத்தில் டாமியா எக்ஸ்ட்ரா தின் பசை ஒரு துளி விட்டு ஒரு நிமிடம் கழித்து நகத்தால் அழுத்துங்கள். இளகினால் ஸ்டைரீன் அல்லது ஏபிஎஸ். ஒட்டலாம், பெயிண்ட் அடிக்கலாம். ஒன்றுமே ஆகாவிட்டால் பாலிபுரொப்பிலீன் வகையாக இருக்கலாம். பசையும் பிடிக்காது, பெயிண்ட் உரியும், வேறு பொம்மை பாருங்கள்.

பொம்மையில் கெடுதல் எங்கே என்றால் தடிமனில்தான். சக்கர வளைவின் விளிம்பையும் ஜன்னல் சட்டத்தையும் உட்புறமிருந்து சரிவாகச் சுரண்டி, வெளியே தெரியும் விளிம்பு அரை மி.மீ.க்குள் வரும்படி மெலிதாக்குங்கள். தடித்த கண்ணாடியைத் தூக்கிவிட்டு 0.2 மி.மீ. ஒளிபுகும் ஷீட்டில் வெட்டிப் போடுங்கள். கிரில்லில் கம்பிகளுக்கு நடுவே கறுப்பு எனாமலை ஓடவிட்டுத் துடையுங்கள். பம்பரில் பொம்மைக் குரோம் அச்சுத் தழும்போடு இருந்தால் பிளீச்சிங் திரவத்தில் ஊறப்போட்டு அகற்றி, தழும்பைத் தேய்த்து, கறுப்புப் பளபளப்பு அடித்து நன்றாகக் காயவிட்டு, அதன்மேல் லிக்விட் குரோம். பிளீச்சை வேறு எந்தக் கழுவும் திரவத்தோடும் கலக்காதீர்கள்.