மயங்கிக் கிடப்பவரின் வாயில் தண்ணீர் ஊற்றலாமா?

கேள்வி: உறவினர் வீட்டுத் திருமணத்தில் பந்தி முடிந்து எழுந்த என் மாமனார் திடீரெனச் சரிந்து விழுந்துவிட்டார். சுற்றியிருந்தவர்கள் அவரைத் தூக்கி நாற்காலியில் உட்காரவைத்து, முகத்தில் தண்ணீர் தெளித்து, வாயில் சோடாவைப் புகட்டினார்கள். அவருக்குப் புரையேறி மூச்சுத் திணறல் வந்துவிட்டது. மருத்துவமனையில் சேர்த்துப் பிழைத்து வந்தார். நாங்கள் அந்த நேரத்தில் என்ன செய்திருக்க வேண்டும்?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: அவர் நலமாகத் திரும்பியதில் மகிழ்ச்சி. நாம் விழுங்கும் ஒவ்வொரு முறையும் குரல்வளையின் மேலுள்ள மூடி தானாகக் கவிந்து மூச்சுக்குழாயைக் காக்கிறது. தப்பித் தவறி ஒரு துளி உள்ளே போனாலும் இருமல் அதை வெளியே தள்ளிவிடுகிறது. நினைவிழந்தவரிடம் இந்த இரண்டு காவல்களும் தளர்ந்துவிடுவதால், அவர் வாயில் ஊற்றும் தண்ணீரோ சோடாவோ காப்பியோ நுரையீரலுக்குள் போய்விடக்கூடும். எனவே முழுமையாக நினைவு திரும்பி, தாமே கேட்டு வாங்கிக் குடிக்கும் நிலைக்கு வரும்வரை வாய்வழியாக எதையும் கொடுக்கக் கூடாது. உட்காரவைத்ததும் தவறுதான். சாதாரண மயக்கம் என்பது மூளைக்குப் போகும் இரத்தம் சற்று நேரம் குறைவதால் வருவது. படுத்த நிலையில் அந்த இரத்த ஓட்டம் எளிதில் சீராகும், நிமிர்த்தி உட்காரவைத்தால் அது தாமதப்படும்.

முதலில் இரு தோள்களையும் தட்டி, உரக்கக் கூப்பிட்டுப் பாருங்கள். பதில் இல்லையென்றால் உடனே ஒருவரை 108-ஐ அழைக்கச் சொல்லுங்கள். தனியாக இருந்தால் கைப்பேசியின் ஒலிபெருக்கியைப் போட்டுத் தரையில் வைத்துக்கொண்டு பேசலாம். பிறகு நெற்றியில் ஒரு கையை வைத்து, மறு கையின் விரல்களால் முகவாயை உயர்த்தி, மார்பு ஏறி இறங்குகிறதா என்று 10 நொடிகளுக்கு மேற்படாமல் கவனியுங்கள். பயிற்சி இல்லாதவர்கள் நாடி தேடி நேரத்தைக் கழிக்க வேண்டியதில்லை.

மூச்சு சீராக இருந்தால் மல்லாந்து கிடக்க விடாமல் பக்கவாட்டில் திருப்ப வேண்டும். மல்லாந்து கிடப்பவரின் நாக்கு பின்னால் சரிந்து தொண்டையை அடைக்கலாம். வாந்தி வந்தால் அது உள்ளேயே தங்கும். அவருக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, உங்கள் பக்கத்துக் கையை உடலுக்குச் செங்குத்தாக நீட்டி வையுங்கள். அப்புறத்துக் கையை மார்பின் குறுக்கே கொண்டுவந்து, புறங்கை அவர் கன்னத்தில் படும்படி பிடித்துக்கொண்டு, அப்புறத்து முழங்காலை மடக்கி உங்களை நோக்கி இழுத்தால் எவ்வளவு கனமானவரும் எளிதில் திரும்பிவிடுவார். தலையைச் சற்றுப் பின்னோக்கிச் சாய்த்து, வாய் தரையைப் பார்க்கும்படி வைத்து, உதவி வரும்வரை மூச்சைக் கவனித்தபடி அருகிலேயே இருங்கள்.

மூச்சே இல்லையென்றால், அல்லது கரையில் விழுந்த மீனைப் போல விட்டு விட்டு வாயைத் திறந்து மூடினால், இதயம் நின்றுவிட்டதாகவே கொள்ள வேண்டும். அந்தத் திணறலை மூச்சு என்று நம்பிக் காத்திருப்பதால் போகும் உயிர்களை நினைத்தே இதை அழுத்திச் சொல்கிறேன். நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, அதன்மேல் மறு கையைக் கோத்து, முழங்கைகளை மடக்காமல் 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துங்கள். ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பின்னும் மார்பு முழுதாக மேலெழ வேண்டும். இது விரைவில் களைப்பூட்டும் வேலை என்பதால் 2 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறிக்கொள்வது நல்லது. விலா எலும்பு முறிந்துவிடுமோ என்று தயங்க வேண்டாம். முறிந்த எலும்பு கூடிவிடும், ஆனால் இரத்த ஓட்டம் நின்ற நான்கைந்து நிமிடங்களிலேயே மூளை சேதமடையத் தொடங்கிவிடும்.

கேள்வி: என் கணவர் இன்சுலின் போட்டுக்கொள்பவர். அவர் மயங்கினால் வாயில் சர்க்கரையைப் போடச் சொல்கிறார்கள். சரியா?
- ஒரு வாசகி, விருதுநகர்

பதில்: மயங்குவதற்கு முன்பு சரி, மயங்கிய பின்பு கூடாது. வியர்வை, கைநடுக்கம், தடுமாற்றமான பேச்சு ஆகியவை தெரியும்போது, அவர் விழுங்கக்கூடிய நிலையில் இருந்தால், மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்தும் இரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே இருந்தால் மீண்டும் ஒருமுறை கொடுத்து, தேறியதும் உணவு கொடுங்கள். நினைவு தப்பிவிட்டால் பக்கவாட்டில் படுக்கவைத்து 108-ஐ அழைத்து, இன்சுலின் போடுபவர் என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். இதற்கென்றே குளுக்ககான் என்ற மருந்து இருக்கிறது. வீட்டில் வைத்துக்கொள்ளலாமா என்று உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: சாலை விபத்தில் நினைவிழந்து கிடப்பவருக்கு உதவினால் வழக்கு, சாட்சி என்று அலைய நேருமே?
- ஒரு வாசகர், திண்டிவனம்

பதில்: இந்த அச்சத்துக்கு இப்போது இடமில்லை. உதவுபவர்களைக் காப்பதற்கான நெறிமுறைகளை 2016 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 134ஏ பிரிவு, நல்லெண்ணத்துடன் உதவியவர்மீது உரிமையியல், குற்றவியல் நடவடிக்கை எதுவும் கூடாது என்கிறது. பெயரையோ முகவரியையோ சொல்லும்படி உங்களை யாரும் கட்டாயப்படுத்த முடியாது. செலவு யார் தலையில் விழுமோ என்ற தயக்கமும் வேண்டாம். தமிழ்நாட்டில் 2021 முதல் நடைமுறையிலுள்ள ‘நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம்.

விபத்தில் விழுந்தவரின் கழுத்தெலும்பு பாதிக்கப்பட்டிருக்கலாம் என்பதால் கையைக் காலைப் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் திணிக்காதீர்கள். மூச்சு தடைபட்டால் ஒழியத் தலைக்கவசத்தைக் கழற்ற வேண்டாம். வாந்தி எடுத்தால், தலையையும் கழுத்தையும் ஒருவர் சேர்த்துப் பிடித்துக்கொள்ள, மற்றவர்கள் உடலை ஒரே சீராகப் பக்கவாட்டில் திருப்புங்கள். கை, கால்களில் இரத்தம் கொட்டும் இடத்தைச் சுத்தமான துணியை மடித்து வைத்து அழுத்திப் பிடியுங்கள். துணி நனைந்தால் அதை எடுக்காமல் அதன்மேலேயே இன்னொன்றை வைத்து அழுத்துங்கள்.