பூஜை அறை முருகனுக்கு அபராதமா?

கேள்வி: எங்கள் வீட்டில் முக்கால் அடி உயர ஐம்பொன் முருகன் சிலை இருக்கிறது. 'என் அப்பா கும்பிட்டது' என்று தாத்தா சொல்வார். மின்ட் பக்கம் பழைய பித்தளை வாங்கும் கடைக்காரர் ஒருவர், 'பேப்பர் இல்லாமல் வைத்திருந்தால் ஜெயில், அபராதம். மியூசியம்காரர்கள் தூக்கிக்கொண்டு போய்க் குடோனில் போட்டுவிடுவார்கள். வந்த விலைக்கு என்னிடம் தள்ளிவிடுங்கள்' என்கிறார். என் வீட்டுச் சாமிக்கு நான் ஏன் ஐயா அபராதம் கட்ட வேண்டும்?
– ஒரு வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: கடைக்காரர் சொன்னதில் பாதி உண்மை. அந்தப் பாதியை வைத்துத்தான் உங்களிடம் விலையை அடிக்கிறார்.

தொல்பொருள், கலைப் பொக்கிஷச் சட்டம் 1972-ல் இயற்றப்பட்டு 1976 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. நூறு வயது தாண்டிய சிலை, அந்தச் சட்டத்தின் கண்ணில் தொல்பொருள். கல், உலோகம், சுடுமண், தந்தம், எதில் செய்திருந்தாலும் பதிவு செய்தாக வேண்டும். செய்யாவிட்டால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். சிலையும் பறிமுதல் ஆகலாம். இதுவரை அவர் சொன்னது சரி.

சொல்லாமல் விட்டதையும் கேளுங்கள். பதிவு செய்துவிட்டு வீட்டில் வைத்திருப்பது குற்றமே இல்லை. நாட்டுக்குள் விற்பதும் குற்றமில்லை, கைமாறிய விவரத்தைப் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும், அவ்வளவுதான். நாட்டை விட்டு வெளியே அனுப்புவதுதான் பெரிய குற்றம். அதற்கு ஆறு மாதத்துக்குக் குறையாமல் மூன்று வருடம் வரை சிறை, அதோடு அபராதமும் உண்டு. தொல்பொருளை வாங்கி விற்பதைத் தொழிலாகச் செய்பவருக்கோ உரிமம் வேண்டும். இல்லாமல் செய்தால், உங்களுக்குச் சொன்ன அதே ஆறு மாதம் அவருக்கும் காத்திருக்கிறது. அண்டா, குடம் எடைபோடும் கடையில் அந்த உரிமம் இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். பேச்சு வேறு பக்கம் திரும்பும்.

மியூசியம் பயமும் வெறும் பூச்சாண்டி. ஒரு தொல்பொருளைக் கட்டாயமாக எடுத்துக்கொள்ள மத்திய அரசுக்கு அதிகாரம் உண்டு. ஆனால் இழப்பீடு கொடுத்துத்தான் எடுக்க வேண்டும். உண்மையான வழிபாட்டில் இருக்கும் பொருளுக்கு அந்தப் பிரிவு பொருந்தவே பொருந்தாது என்று சட்டமே விலக்கு அளித்திருக்கிறது.

சரி, இப்போது நான் ஒரு கேள்வி கேட்கிறேன். சிலையின் பீடத்தைப் பாருங்கள். அடிப்பீடத்தில் பக்கவாட்டில் துளையோ வளையமோ இருக்கிறதா? அது கோயில் உற்சவரைப் புறப்பாட்டின்போது தண்டு செருகி, கயிறு கட்டி அசையாமல் நிறுத்துவதற்கு வைப்பது. பூஜை அறையை விட்டு நகராத சாமிக்கு அதற்கு வேலையில்லை. இருந்தால், 'என் வீட்டுச் சாமி' என்று அழுத்திச் சொல்லும் முன், அது வீட்டுக்கு வந்த வழியைப் பெரியவர்களிடம் விசாரியுங்கள். கோபம் வேண்டாம். ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து திருடுபோன நடராஜரை, ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடமே இதைச் சரியாக விசாரிக்காமல் 50 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கிவிட்டு, 2014-ல் திருப்பிக் கொடுத்தது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் பல ஆண்டுகளுக்கு முன் கோயில் கோயிலாகப் போய் எடுத்துவைத்த புகைப்படங்கள் இப்படிப்பட்ட வழக்குகளில் சாட்சியாகப் பேசுகின்றன.

அபராதம் அநியாயம் என்கிறீர்கள். எனக்கு அபராதத்தில் வருத்தமில்லை, நேர்மையாக வந்து சொல்பவனுக்குச் சட்டம் என்ன தருகிறது என்பதில்தான் வருத்தம். மண்ணுக்கடியில் கிடைப்பதற்கு 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் ஆட்சியருக்குச் சொல்ல வேண்டும் என்பது அதன் வாசகம். ஆம், பத்து ரூபாய்! மறைத்தால் ஓராண்டு வரை சிறை. சொன்னால்? அரசு அதை எடுத்துக்கொள்ள விரும்பினால், பொருளின் உலோக மதிப்பும் அதில் ஐந்தில் ஒரு பங்கும் சேர்த்துக் கொடுக்கும். அதாவது, சோழர் காலச் செப்புத்திருமேனிக்குப் பழைய இரும்புக்கடைக் கணக்கு, மேலே கொஞ்சம் கொசுறு. எழும்பூர் அருங்காட்சியகத்தில் நாம் வாய் பிளந்து பார்க்கும் செப்புத்திருமேனிகளில் பல இந்தச் சட்டத்தின் வழியாக வந்தவைதான்.

1976-ல் தஞ்சைப் பக்கம் பத்தூரில் மண் தோண்டிய கூலித் தொழிலாளிக்கு ஒரு நடராஜர் கிடைத்தார். அவர் ஆட்சியரிடம் போகவில்லை. கை மாறி மாறி லண்டன் போன சிலையை 1982-ல் ஒரு கனடா நிறுவனம் இரண்டரை லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. பிறகு லண்டன் போலீஸ் பிடித்து, வழக்கு நடந்து, இடிந்து கிடந்த கோயிலே வாதியாக நின்று வழக்காடலாம் என்று இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்று, 1991-ல் நடராஜர் நாடு திரும்பினார். அந்தத் தொழிலாளியைத் திருடன் என்று ஏசிவிடலாம், சுலபம். உலோக விலைக்குக் கொடு என்று சட்டம் எழுதி வைத்துவிட்டு, அவன் ஏன் ஒளித்தான் என்று ஆச்சரியப்படுவதில் எனக்கு உடன்பாடில்லை. சிறையைக் கூட்டு, அபராதத்தைக் கூட்டு என்று பேசுகிறவர்கள் அந்த ஐந்தில் ஒரு பங்கைப் பற்றி மட்டும் வாய் திறப்பதில்லை.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பதிவுக்கான கெடு எப்போதோ போய்விட்டது, அதனால் ஒரு வழக்கறிஞரையும் கலந்துகொள்ளுங்கள். ஆனாலும், பிடிபட்ட பிறகு காரணம் சொல்வதைவிட நீங்களாகப் போய் நிற்பது எவ்வளவோ மேல். ஜார்ஜ் கோட்டைக்குள் கிளைவ் மாளிகையில் மத்தியத் தொல்லியல் துறையின் சென்னை வட்ட அலுவலகம் இருக்கிறது. வண்ணாரப்பேட்டையிலிருந்து பஸ் ஏறினால் பக்கம்தான். எந்தப் பதிவு அதிகாரியிடம் போக வேண்டும் என்று அங்கே கேட்டுக்கொள்ளுங்கள். சிலையைப் பையில் போட்டுக்கொண்டு போக வேண்டாம். முன், பின், பக்கவாட்டு, பீடம் என்று தெளிவான படங்கள் போதும். வயது நூறு ஆகவில்லை என்று நிபுணர்கள் சொல்லிவிட்டால் இந்தச் சட்டத்தின் தொல்லையே இல்லை. சுவாமிமலையில் நேற்று வார்த்த சிலையை மண்ணில் புதைத்துப் பழசாக்கி விற்கும் ஆட்களும் இருக்கிறார்கள், தாத்தாவின் அப்பாவை யாராவது ஏமாற்றியும் இருக்கலாம். எதுவானாலும், படம் எடுக்கும் முன் பளபளப்பாக இருக்கட்டும் என்று புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். வயதைக் கணிக்கும்போது சிலைமேல் காலப்போக்கில் படிந்த கறையையும்தான் பார்ப்பார்கள்.