மரத்தைப் பார்த்தால் மனசு ஆறுமா?

கேள்வி: என் கணவருக்கு எட்டு மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்தது. வலது கை, கால் விளங்கவில்லை, பேச்சும் குழறுகிறது. எல்லாம் நான்தான் பார்க்கிறேன். மகன் வெளியூரில் படிக்கிறான். உள்ளூரிலேயே இருக்கும் நாத்தனார் வரும்போதெல்லாம், "வெளியே போய் மரம் செடியைப் பாருங்க அண்ணி, மனசு லேசாகும்" என்கிறாள். கேட்டாலே எரிச்சல் வருகிறது. பின்வாசலில் இருந்த ஒரே முருங்கையும் போன மழையில் முறிந்துவிட்டது. இயற்கை நிஜமாகவே ஆறுதல் தருமா, இல்லை இதெல்லாம் நேரம் இருப்பவர்கள் பேசும் பேச்சா?
- வாசகி, மதுராந்தகம்

பதில்: சகோதரி, எரிச்சல் வருவதில் தப்பே இல்லை. ராத்திரியில் எழுந்து எழுந்து ஆளைப் புரட்டிப் படுக்க வைப்பவரிடம் போய் மரத்தைப் பார் என்றால் யாருக்குத்தான் கோபம் வராது? ஆனாலும் நாத்தனார் சொன்னது முழுக்க வெறும் பேச்சு இல்லை.

ரோஜர் உல்ரிச் என்ற அமெரிக்க ஆய்வாளர், பித்தப்பை அறுவை சிகிச்சை முடிந்தவர்களின் மருத்துவமனைப் பதிவுகளை ஒப்பிட்டு 1984-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார். ஜன்னலில் மரங்கள் தெரிந்தவர்கள், செங்கல் சுவரைப் பார்த்துக் கிடந்தவர்களைவிடச் சற்று சீக்கிரம் வீடு திரும்பியிருந்தார்கள். கடுமையான வலி மருந்தும் குறைவாகவே தேவைப்பட்டிருந்தது. 46 பேரை மட்டும் வைத்துச் செய்த சின்ன ஆய்வுதான், பக்கவாதத்தைப் பற்றியதும் அல்ல. இருந்தாலும் கட்டிலை நகர்த்தக் காசா பணமா? பின்வாசல் ஜன்னலோரம் போட்டுவிடுங்கள்.

முருங்கை வேரோடு சாயவில்லை என்றால் கவலை வேண்டாம். ஒடித்து வளர்க்க வேண்டிய மரம் அது. (பிள்ளையை அடித்து வளர்க்கச் சொல்லும் மீதிப் பழமொழியை விட்டுவிடுவோம்.) முறிந்த பிசிறைச் சாய்வாக வெட்டி, வெட்டுவாயில் சாணி அப்புங்கள், மழைத் தண்ணீர் உள்ளே இறங்காது. கொஞ்ச நாளில் பட்டையைப் பிளந்துகொண்டு துளிர்கள் கும்பலாகக் கிளம்பும். நல்லதாக ஒன்றிரண்டை விட்டு, மற்றதைக் கீரைக்குக் கிள்ளிக்கொள்ளுங்கள். பூ வந்தால் தேன்சிட்டும் வரும். அவரிடம் காட்டிப் பேசுங்கள். பதில் குழறினாலும் பரவாயில்லை.

இதெல்லாம் அவருக்கு. உங்களுக்கு? மதுராந்தகத்தில் இருந்துகொண்டு வேடந்தாங்கலைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே! நவம்பர் முதல் மார்ச் வரை சீசன். மழை பொய்த்த வருஷம் ஏரி வற்றிவிடும், பறவைகளும் பெரிதாக வராது. அதனால் விசாரித்துக்கொண்டு சாயங்காலமாகப் போங்கள். ஒரே ஒரு நத்தைகுத்தி நாரைக் கூட்டை மட்டும் கவனியுங்கள். அலகை மூடினாலும் நடுவில் இடைவெளி தெரியும், அதுதான் அடையாளம். ஆணும் பெண்ணும் முறை வைத்து அடைகாக்கும். ஒன்று வயல் பக்கம் நத்தை தேடப் போனால் மற்றது கூட்டில் நிற்கும். வெயில் ஏறினால் இறக்கையை விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் கொடுக்கும். இருட்டும் நேரத்தில் ஏரியே முறை மாறும். பகலில் மேயப் போனவை வந்து இறங்க, ராத்திரியில் இரை தேடும் வக்காக்கள் கிளம்பும்.

உங்கள் வீட்டில்தான் முறை மாற ஆள் இல்லை. களைப்புக்குப் பாதிக் காரணம் அதுதான் என்பேன். யோசனை சொன்ன நாத்தனாரையே பிடியுங்கள். "நீ சொன்ன மாதிரியே மரம் பார்க்கப் போறேன், ஞாயித்துக்கிழமை மூணு மணியிலிருந்து ஏழு மணி வரை உங்க அண்ணனைப் பார்த்துக்கோ" என்று சொல்லுங்கள். மாத்திரை நேரம், புரட்டிப் படுக்க வைக்கும் விதம் எல்லாவற்றையும் காகிதத்தில் எழுதிக் கையில் கொடுங்கள். மகன் விடுமுறைக்கு வந்தால் சில ராத்திரிகள் அவன் பொறுப்பு.

அப்புறம், தூக்கமே வராமல், அழுகை நிற்காமல், வாழ்ந்து என்ன என்று தோன்றினால் அதற்குப் பறவை போதாது. டாக்டரிடம் சொல்லுங்கள். 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், எந்நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.

நாத்தனார் முதல் வாரம் சாக்குச் சொல்லலாம். அடுத்த ஞாயிறு திரும்பவும் கேளுங்கள்.