சோதனைகள் சமமாக இல்லாவிட்டால் கொன்ட்ராஸ்ட் எப்படி எழுதுவது? கேள்வி பதில்

திருகோணமலையில் இருந்துகொண்டே ஓப்பன்நியூரோ என்ற இணையக் களஞ்சியத்தின் இலவசத் தரவை இறக்கி, எஃப்.எம்.ஆர்.ஐ. (மூளையின் இயக்கத்தைக் காட்டும் ஸ்கேன்) பகுப்பாய்வு பழகும் பிள்ளைகள் கேட்டவை இவை. மடிக்கணினியும் பொறுமையும் இருந்தால் இந்த வேலையை நன்றாகவே பழகலாம். நிபந்தனை என்பது ஸ்கேனில் இருப்பவருக்குக் கொடுக்கும் பணியின் ஒரு வகை; அதை ஒரு தடவை கொடுப்பது ஒரு சோதனை. நிபந்தனைகளை ஒப்பிட ஒவ்வொன்றுக்கும் ஒரு எண், அதாவது நிறை, போடுகிறோம்; அந்த எண் வரிசைதான் கொன்ட்ராஸ்ட்.

உப்புவெளியிலிருந்து: அக்கா, ஒரு நிபந்தனையில் 40 சோதனைகள், மற்றதில் 20. சமன் செய்ய 1, −2 என்று நிறை போடவா?

வேண்டாம் தம்பி, 1, −1 தான். ஒவ்வொரு நிபந்தனைக்கும் பகுப்பாய்வு தரும் எண்ணான பீட்டா, மூளையின் துலங்கல்களைக் கூட்டிய தொகை இல்லை. ஒரு சோதனைக்குச் சராசரியாக எவ்வளவு உயரம் எழும்பியது என்ற மதிப்பீடு. எண்ணிக்கை அதற்குள் ஏற்கெனவே கணக்கில் வந்துவிட்டது. 1, −2 என்று எழுதினால், முதலாவது இரண்டாவதைப் போல இரு மடங்கா என்று கேட்டதாகிவிடும். இரண்டுக்கும் ஒரே அளவு எழும்பும் இடங்கள்கூட எதிர்ப்பெறுமானம் காட்டும். நிறை உங்கள் கேள்வியிலிருந்து வர வேண்டும், எண்ணிக்கையிலிருந்து அல்ல.

அவரே மறுபடியும்: அப்போ நட்டமே இல்லையா?

துல்லியத்தில் உண்டு. வித்தியாசத்தின் மாறற்றிறனை (மதிப்பீடு எவ்வளவு அலையும் என்ற அளவை) தோராயமாக இப்படிப் பார்க்கலாம்: 30–30 என்றால் 1/30 + 1/30, அதாவது 0.067. 40–20 இல் 0.075. 50–10 இல் 0.12. அதன் வர்க்கமூலமான நியம வழுவாக மாற்றினால் 40–20 இல் சுமார் 6 சதவீதம்தான் கூடுகிறது, 50–10 இல் 34 சதவீதம். ஆகவே 40–20 ஐப் பார்த்துப் பயந்து நல்ல தரவை வெட்டி எறியாதீர்கள். துலங்கல் கோலத்தைப் பார்த்து நிபந்தனையை ஊகிக்க கணினியைப் பழக்குவதென்றால் மட்டும் கதை வேறு. அது கூடுதலாக உள்ள பக்கமே சாயும். அங்கே எழுமாற்றாகத் தெரிவுசெய்து எண்ணிக்கையைச் சமப்படுத்துங்கள்.

மூதூரிலிருந்து: தமிழ்ச் சொல், சிங்களச் சொல், அர்த்தமில்லாக் கோடுகள். சொற்களைக் கோடுகளோடு ஒப்பிட 1, 1, −1 போட்டேன். மூளையின் பின்பக்கம் முழுக்கச் சிவப்பாக (இயக்கம் கூடியதாக) வருகிறது.

கூட்டிப் பாருங்கள் தங்கச்சி, 0 வர வேண்டிய இடத்தில் 1 வருகிறது. எதைப் பார்த்தாலும் எழும் காட்சித் துலங்கல் ஒரு பங்கு கழிபடாமல் மிஞ்சி நிற்கிறது. 0.5, 0.5, −1 போடுங்கள். 1, 1, −2 போட்டாலும் அதே டி பெறுமானம்தான் (வித்தியாசத்தை அதன் நியம வழுவால் வகுத்தது); ஆனால் கொன்ட்ராஸ்ட் படத்தின் அளவு இரட்டிப்பாகும். ஒருவருக்கு ஒன்று, இன்னொருவருக்கு மற்றது என்று கலந்தால் குழுப் பகுப்பாய்வு கெட்டுவிடும்.

அப்புறம், இந்தச் சராசரியை ஒரு மொழி மட்டுமே தூக்கி நிறுத்தியிருக்கலாம். 1, 0, −1 ஐயும் 0, 1, −1 ஐயும் தனித்தனியே பாருங்கள். இரு மொழியும் புழங்கும் நம் ஊரில் அதுவே முக்கியமான கேள்வி என்று நினைக்கிறேன்.

கிண்ணியாவிலிருந்து: சரியான விடை, தவறான விடை என்று பிரித்தேன். மூன்று ரன்னில் (ஸ்கேன் தொடர்ந்து ஓடும் ஒரு சுற்று ஒரு ரன்) கடைசியில் ஒருவர் தவறே விடவில்லை. என்ன செய்வது?

சரிப் பக்கம் மூன்று ரன்னுக்கும் 1/3, தவறுப் பக்கம் இருக்கிற இரண்டுக்கும் −1/2 என்று எழுதலாம். நானென்றால் இந்த ஒப்பீட்டில் மூன்றாவது ரன்னுக்கு 0 கொடுத்து, மற்ற இரண்டிலும் 1/2, −1/2 போடுவேன். ஒப்பிடும் இரண்டும் ஒரே ரன்களிலிருந்து வரும். ஒருவருக்கு மொத்தமே இரண்டு மூன்று தவறுகள்தான் என்றால் அந்த மதிப்பீட்டை நம்ப முடியாது. குறைந்தது எத்தனை வேண்டும் என்பதை முடிவுகளைப் பார்க்குமுன்பே தீர்மானித்து எழுதி வையுங்கள்.