ஸ்லீப் அப்னியா இருப்பவர்களுக்குக் கண் மங்கலும் தலைச்சுற்றலும் வருமா?

கேள்வி: அப்பாவுக்கு 58 வயது. பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறார். ஸ்லீப் அப்னியா, அதாவது தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் கோளாறு என்று சொல்லி, மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பும் சிபேப் மெஷின் கொடுத்திருக்கிறார்கள். காலையில் எழுந்தால் கண் மங்கலாக இருக்கிறது, தலை சுற்றுகிறது என்கிறார். எல்லாம் மெஷினால் வந்த வினை என்று அதைப் போட மறுக்கிறார். உண்மையில் சம்பந்தம் உண்டா?

பதில்:

சம்பந்தம் உண்டு. ஆனால் உங்கள் அப்பாவுக்கு வருவது அதனால்தானா என்பது தனிக் கேள்வி.

நான் டாக்டர் இல்லை. பொள்ளாச்சிப் பக்கம் ஒரு நூற்பாலையில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். சில வருஷங்களாக மாஸ்க்கை மாட்டிக்கொண்டு தூங்குகிறேன். நுரையீரல் டாக்டர், கண் டாக்டர், ஈஎன்டி என்று மூன்று பேர் வாசலிலும் காத்திருந்ததில் ஒன்று நன்றாகப் புரிந்தது. மங்கலும் சுற்றலும் எப்போது வருகின்றன, எவ்வளவு நேரம் இருக்கின்றன என்று சொல்லத் தெரிந்தால் பாதி வைத்தியம் முடிந்த மாதிரி. "கண்ணு மங்குதுங்க, தலை சுத்துதுங்க" என்று மொட்டையாகச் சொன்னால் சத்து மாத்திரைதான் கிடைக்கும்.

முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். தூங்கி எழுந்ததும் ஒரு கண்ணில் மட்டும் பார்வையின் ஒரு பகுதி, பெரும்பாலும் கீழ்ப்பாதி, இருண்டு போயிருக்கிறது, வலி எதுவும் இல்லை என்றால் அன்றைக்கே கண் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடாது. பார்வை நரம்பு கண்ணுக்குள் நுழையும் இடத்துக்கு இரத்த ஓட்டம் குறைந்து நரம்பு வீங்குவதால் இப்படி ஆகும். 'கண்ணுக்கு வந்த ஸ்ட்ரோக்' என்று டாக்டர்கள் எளிமையாகச் சொல்வார்கள். இரவில் எல்லோருக்குமே பிரஷர் கொஞ்சம் இறங்கும். அந்த நேரத்தில் மூச்சு நின்று நின்று ஆக்ஸிஜனும் குறைந்தால், பிறவியிலேயே நரம்பு நெருக்கமாக அமைந்த கண் தாங்காது. இந்தப் பாதிப்பு வந்தவர்களில் பலருக்கு ஸ்லீப் அப்னியா இருப்பது தெரிந்ததால்தான், இப்போது கண் டாக்டர்களே "குறட்டை விடுவீர்களா?" என்று கேட்கிறார்கள். போன பார்வையைத் திரும்பக் கொண்டுவர உறுதியான மருந்து இல்லை. ஒரு கண்ணில் வந்தவர்களில் ஏறக்குறைய ஏழில் ஒருவருக்கு ஐந்து வருடத்துக்குள் அடுத்த கண்ணிலும் வருகிறது. மீதிக் கண்ணைக் காப்பதுதான் வைத்தியமே.

உங்கள் அப்பா பிரஷர் மாத்திரையை ராத்திரி சாப்பிடுகிறாரா? அப்படியானால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். படுக்கப் போகும்போது போடும் மாத்திரை நடுராத்திரியில் பிரஷரை அளவுக்கு மேல் இறக்கிவிடலாம். நேரத்தை மாற்றுவதா வேண்டாமா என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும், நீங்களாக மாற்ற வேண்டாம். இன்னொன்று, எடை குறைக்கவும் சர்க்கரைக்கும் இப்போது செமாக்ளூடைட் ஊசியும் மாத்திரையும் பரவலாகி வருகின்றன. அந்த மருந்தால் இதே கண் நரம்புப் பாதிப்பு பத்தாயிரத்தில் ஒருவர் வரை வரலாம் என்று ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025 ஜூனில் அறிவித்தது. மிக அரிதானதுதான், பயந்து மருந்தை நிறுத்த வேண்டியதில்லை. போட்டுக்கொண்டிருந்தால் கண் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், அவ்வளவுதான்.

சரி, அவசரமில்லாத மங்கலுக்கு வருவோம்.

காலையில் எழுந்ததும் கண் எரிந்து, மணல் விழுந்தது போல் உறுத்தி, முகம் கழுவி அரை மணியில் தெளிந்துவிடுகிறதா? அப்படியானால் முதலில் மாஸ்க்கைத்தான் சந்தேகப்படுவேன். மூக்குத் தண்டின் மேல்பகுதியில் மாஸ்க் சரியாக ஒட்டாவிட்டால் அங்கிருந்து காற்று கண்ணின் உள்முனையைப் பார்த்து அடிக்கும். ராத்திரி முழுக்க. தலைக்கு மேலே மின்விசிறி வேறு ஐந்தில் சுற்றும். கண் காயாமல் என்ன செய்யும்? உங்கள் அப்பா சொல்வதில் இந்த அளவுக்கு உண்மை இருக்கலாம். ஆனால் அது மாஸ்க் பொருந்தாத குறை. அதற்காக மெஷினையே ஒதுக்கி வைக்க வேண்டியதில்லை.

மாஸ்க்கை உட்கார்ந்துகொண்டு சரிபார்த்தால் போதாது. படுத்து, காற்று வந்துகொண்டிருக்கும்போது, ஒருக்களித்தும் பார்க்க வேண்டும். படுத்தால் கன்னம் சரிந்து முகத்தின் அமைப்பே மாறிவிடுகிறது. உள்ளே ஒட்டும் சிலிகான் பகுதியைத் தினமும் மிதமான சோப்பால் கழுவச் சொல்லுங்கள். முகத்து எண்ணெய்ப் பசையில் அது வழுக்கிக்கொண்டே போகும். தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்துக்கொண்டு படுத்தால் பின்னால் இருக்கும் பட்டையும் நிற்காது. கசிகிறது என்று பட்டையை இறுக்கிக்கொண்டே போனால் மூக்கில் புண்தான் மிச்சம், கசிவு சில சமயம் கூடவே செய்யும். என் மெஷின் காலையில் திரையில் ஒரு சிரிச்ச முகமோ சுளிச்ச முகமோ காட்டும். சுளித்தால் ராத்திரி காற்று கசிந்திருக்கிறது என்று அர்த்தம். எனக்கு மூக்குத் துவாரத்தில் மட்டும் பொருந்துகிற சின்ன மாஸ்க்குக்கு மாறியதும் எரிச்சல் போய்விட்டது. வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறவர்களுக்கு அது ஒத்துவராது. அதையும் கேட்டுக்கொண்டு வாங்குங்கள், விலை கொஞ்சநஞ்சமில்லை.

மாஸ்க் போடாத நாளிலும் கண் சிவந்து நூல் நூலாகச் சளி வருகிறது என்றால் விஷயம் இமையில் இருக்கலாம். என் கண் டாக்டர் மேல் இமையைக் கட்டை விரலால் லேசாக மேலே தள்ளினார். அது தானாகவே பிரண்டு உள்பக்கம் சிவப்பாகத் தெரிந்தது. வலி இல்லை, சும்மா ரப்பர் போல மடங்கியது. ஸ்லீப் அப்னியாக்காரர்களிடம் இப்படித் தளர்ந்த இமை அதிகம் என்றார். படுக்கும் பக்கத்து இமை தலையணையில் உரசிப் பிரண்டுவிடும். எந்தப் பக்கம் சாய்ந்து படுக்கிறோமோ அந்தக் கண்தான் அதிகம் சிவக்கும். எனக்கு வலது. படுக்கும் முன் கண்ணுக்கு ஜெல்லும், கண்ணை மூடி வைக்க ஒரு கவசமும் கொடுத்தார். முற்றியவர்களுக்கு இமையை இறுக்கிச் சின்ன ஆபரேஷன் செய்வார்களாம்.

இந்த இமைக் கோளாறை அமெரிக்க டாக்டர்கள் முதன்முதலில் எழுதியது 1981இல், அதுவும் எடை அதிகமான ஆண்களிடம் பார்த்ததாக. சிட்னியில் காலின் சல்லிவன் என்ற டாக்டர் காற்றை அழுத்தித் தொண்டையைத் திறந்து வைக்கும் முதல் மெஷினைப் பற்றி எழுதியதும் அதே 1981இல்தான். அந்த முதல் மெஷின் வேக்குவம் கிளீனர் மோட்டாரை வைத்துச் செய்தது. அந்தச் சத்தத்தில் ஒருவர் தூங்கினார் என்பதே பெரிய விஷயம். இன்றைய மெஷின் சத்தமே இல்லாமல் ஓடுகிறது, நமக்கு அதற்கே ஆயிரம் புகார்.

காலையில் தலைவலியோடு எழுந்து, குனிந்து நிமிரும்போது சில விநாடி பார்வை சாம்பல் பூத்து மறைகிறதா என்று அப்பாவிடம் கேளுங்கள். மூச்சு நிற்கும்போது இரத்தத்தில் கரியமில வாயு ஏறும், மூளையின் இரத்தக் குழாய்கள் விரியும், மண்டைக்குள் அழுத்தம் கூடும். சிலருக்கு அதனால் பார்வை நரம்பின் முனை வீங்கும். கண் பாப்பாவை விரித்துப் பார்த்தால்தான் தெரியும்.

க்ளாக்கோமா இதற்கு நேர்மாறு, அது எதையும் காட்டிக்கொள்ளாது. கண் அழுத்தம் சரியாகவே இருந்தும் நரம்பு தேய்கிற வகை ஒன்று உண்டு. ஸ்லீப் அப்னியாவோடு அதற்கும் தொடர்பு பேசப்படுகிறது. அதனால் அழுத்தம் அளந்து "நார்மல்" என்றதோடு எழுந்து வந்துவிடாதீர்கள், நரம்பையும் பக்கப் பார்வையையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். நடுப் பார்வையில் மட்டும் ஒரு கறை, கதவு நிலையின் நேர்க்கோடு வளைந்து தெரிவது என்றால் விழித்திரைக்கு அடியில் நீர் கோத்திருக்கலாம். சர்க்கரை இருந்தால் அதற்கான விழித்திரைச் சோதனை எப்படியும் வேண்டும். முக்கியமாக, காலை மங்கலை நம்பிக் கடையில் புதுக் கண்ணாடி மாட்டிவிடாதீர்கள். மதியம் அது பொருந்தாது.

இனி தலைச்சுற்றல். நம் பேச்சில் எல்லாமே தலைச்சுற்றல்தான், அதுதான் சிக்கல். ஈஎன்டி டாக்டர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "வீடு சுத்துதா, நீங்க தள்ளாடுறீங்களா, இல்லை கண்ணைக் கட்டுதா?" என்பது.

படுக்கையில் புரண்டாலோ எழுந்து உட்கார்ந்தாலோ கூரை சுழன்று, ஒரு நிமிடத்துக்குள் நின்றுவிட்டால், பெரும்பாலும் காதின் உள்ளே இருக்கும் நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் இடம் மாறியதால் வருவது. என்னை உட்காரவைத்து, தலையை ஒரு பக்கம் திருப்பி, சட்டென்று பின்னால் சாய்த்தார். உலகமே உருண்டது. என் கண்மணிகள் துடிப்பதைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையை வரிசையாக இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பி, ஒருக்களிக்க வைத்து, எழுப்பி உட்கார வைத்தார். எப்லி முறை என்றார். மாத்திரை இல்லை, ஸ்கேன் இல்லை. எனக்கு அன்றோடு அந்தச் சுழற்சி நின்றது. இதை மெஷின் தலையில் கட்டியிருந்தால் இன்றைக்கும் சுற்றிக்கொண்டிருப்பேன்.

எழுந்து நின்றதும் கண்ணைக் கட்டிக்கொண்டு வருவது வேறு கதை. பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர் என்கிறீர்கள். படுத்தபடி ஒரு தடவை, எழுந்து நின்று மூன்று நிமிடத்துக்குள் ஒரு தடவை பிரஷர் பாருங்கள். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கியிருந்தால் குறித்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். மெஷினை ஒழுங்காகப் போட்டுத் தூங்குகிறவர்களுக்குப் பிரஷர் கொஞ்சம் குறைவதுண்டு. அப்போது பழைய மாத்திரை அளவே அதிகமாகிவிடவும் கூடும்.

சுழற்சியும் இல்லை, இருட்டும் இல்லை, ஆனால் தலை பாரமாக, நடை பஞ்சில் வைத்த மாதிரி, எதிலும் புத்தி நிற்காமல் மதியம்வரை ஒரு மந்தம் என்றால், அதுதான் அப்னியாவின் சொந்தச் சரக்கு. தூங்கவைத்துச் சோதிக்கும் ஸ்லீப் ஸ்டடியின் ரிப்போர்ட்டில் ஏஹெச்ஐ என்று ஒரு எண் இருக்கும். மணிக்கு எத்தனை தடவை மூச்சு நின்றது அல்லது குறைந்தது என்ற கணக்கு. 5க்குக் கீழே சரி, 15வரை லேசு, 30வரை நடுத்தரம், அதற்கு மேலே கடுமை. ஒவ்வொரு நிறுத்தமும் குறைந்தது 10 விநாடி. மணிக்கு முப்பது என்றால் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை யாரோ உலுக்கி எழுப்புவதற்குச் சமம். அப்படித் தூங்கியவருக்குக் காலையில் தலை நிற்குமா? எனக்கு இந்த மந்தம் மெஷினால்தான் போனது. ஒரே ராத்திரியில் இல்லை, மெல்ல மெல்ல.

மெஷினாலும் சுற்றல் வரலாம், மறுக்கவில்லை. சளி பிடித்திருக்கும்போது அழுத்தக் காற்று காதை அடைத்துக் கிறுகிறுக்க வைக்கும். காற்றை விழுங்கி வயிறு உப்பி, ஏப்பமாக வரும். அழுத்தத்தைப் படிப்படியாக ஏற்றும் வசதி, ஈரப்பதத்துக்குத் தண்ணீர்த் தொட்டி இரண்டும் பெரும்பாலான மெஷின்களில் உண்டு. மெஷின் கொடுத்தவர்கள் இதைச் சொல்லித்தராமல் பெட்டியை மட்டும் கொடுத்துவிட்டுப் போவது எனக்குப் பெரிய ஆத்திரம். டாக்டரிடம் கேட்டு அழுத்தத்தைச் சரிசெய்து வாங்குங்கள்.

நெஞ்சு தாறுமாறாகப் படபடத்துச் சுற்றினால் இசிஜி எடுக்க வேண்டும், அப்னியாக்காரர்களுக்கு இதயத் துடிப்பு ஒழுங்கு தப்புவது சகஜம். திடீரென்று சுற்றலோடு பார்வை இரண்டாகத் தெரிவது, பேச்சு குழறுவது, கை கால் ஒரு பக்கம் இழுப்பது இருந்தால் 108ஐக் கூப்பிடுங்கள். இங்கே உட்கார்ந்து கேள்வி கேட்க நேரமில்லை.

அப்பாவை எப்படிச் சம்மதிக்க வைப்பது என்று கேட்பீர்கள். வாதாடினால் இந்த வயசில் யாரும் கேட்கமாட்டோம்மா. நாள்காட்டித் தாளைக் கிழித்ததும் அதன் பின்பக்கம் எழுதச் சொல்லுங்கள்: மெஷின் எத்தனை மணி நேரம் போட்டேன், மங்கல் எத்தனை மணிக்குத் தெளிந்தது, எந்தக் கண், சுற்றியது படுக்கையிலா நின்றபோதா. போடாத ராத்திரியையும் எழுதட்டும். கொஞ்ச நாளில் போட்ட காலைக்கும் போடாத காலைக்கும் வித்தியாசம் அவர் கையெழுத்திலேயே இருக்கும். அப்படி இல்லாவிட்டால், அவர் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது என்று டாக்டருக்குத் தெரிய வேண்டும்.

அதுவரை டூவீலர் சாவியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் கண் டாக்டரிடம் போங்கள், ஸ்லீப் ஸ்டடி ரிப்போர்ட்டையும் மாத்திரைச் சீட்டையும் கையோடு எடுத்துப் போங்கள். கண்ணில் சொட்டு மருந்து விட்டுப் பாப்பாவை விரித்தால் சில மணி நேரம் வெளிச்சம் கூசும், எழுத்து தெரியாது. அதனால் அவரைத் தனியாக அனுப்பாமல் கூடவே போய் வாருங்கள்.