போர்டு மாற்றினால் விண்டோஸ் உரிமம் என்ன ஆகும்?

கேள்வி: ஐயா, ரெயின்போ நகரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன், ஆன்லைன் விண்ணப்பமும் போட்டுக் கொடுக்கிறேன். 2024 ஃபெஞ்சல் மழையில் கடைக்குள் தண்ணீர் புகுந்ததிலிருந்தே கணினி தகராறு செய்தது. போன மாதம் மதர்போர்டே போய்விட்டது. வேறு போர்டு போட்டு, ஃபார்மட் அடித்துக் கொடுத்தார்கள். இப்போது திரையின் வலது மூலையில் 'விண்டோஸை ஆக்டிவேட் செய்யவும்' என்று நிற்கிறது. வாங்கியபோது விண்டோஸ் 10 ஹோம் கூடவே வந்தது. பெட்டி, பில் எல்லாம் இருக்கிறது. உரிமத்துக்கான 25 எழுத்துக் கீ மட்டும் எதிலும் இல்லை. உரிமம் இல்லாமலே ஆக்டிவேட் ஆக, ஐந்நூறு ரூபாய்க்குக் கிராக் போட்டுத் தருகிறேன் என்கிறார் சர்வீஸ்காரர். போடலாமா?
– ஒரு வாசகி, புதுச்சேரி

பதில்: வேண்டாம் அம்மா. உங்கள் கணினியில் ஊர்க்காரர்களின் ஆதார் நகல், சாதிச் சான்றிதழ், வங்கிப் புத்தகம் எல்லாம் ஸ்கேன் ஆகிக் கிடக்கும். கிராக் போடுகிறவர் முதல் வேலையாக ஆன்டிவைரஸை நிறுத்தச் சொல்வார். அதற்குப் பிறகு உள்ளே என்ன நுழைகிறது என்று அவருக்கே தெரியாது. பெரிய நிறுவனங்கள் தங்கள் சர்வர் மூலம் மொத்தமாக ஆக்டிவேட் செய்ய ஒரு வழி உண்டு. 180 நாளுக்குள் அதைப் புதுப்பிக்க வேண்டும். பல கிராக்குகள் அந்த சர்வர்போல நடிப்பவைதான். அதனால்தான் ஆறு மாதம் கழித்து அதே அறிவிப்பு பலருக்குத் திரும்ப வருகிறது.

கீ ஏன் கிடைக்கவில்லை? 2012-இல் விண்டோஸ் 8 வந்தது முதல், விண்டோஸோடு விற்கப்படும் கம்பெனிக் கணினிகளில் கீயை மதர்போர்டின் சிப்பிலேயே எழுதிவிடுகிறார்கள். பழைய போர்டோடு அதுவும் போய்விட்டது. செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கத்தைத் திறந்து பிழை எண்ணைப் பாருங்கள். எஃப்211 என்று முடிந்தால் ஹார்டுவேர் மாறியிருக்கிறது என்று பொருள். எஃப்213 என்றால் கீயே கிடைக்கவில்லை.

அதே பக்கத்தில் இப்போது போட்டிருக்கும் விண்டோஸ் பதிப்பு ஹோமா, புரோவா என்றும் பாருங்கள். பென்டிரைவில் இருக்கும் புரோவை எல்லாக் கணினிக்கும் போட்டுவிடுகிறவர்கள் உண்டு. ஹோம் உரிமத்தால் புரோ ஆக்டிவேட் ஆகாது. புரோ இருந்தால் ஹோமை மறுபடி நிறுவித்தான் ஆக வேண்டும்.

அப்புறம், பழைய கணினியில் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்திருந்தீர்களா? அப்படியானால் அதே கணக்கில் இப்போதும் நுழைந்து, ஆக்டிவேஷன் பக்கத்தில் டிரபுள்ஷூட்டை அழுத்தி, அண்மையில் ஹார்டுவேர் மாற்றியதாகச் சொல்லும் வரியைத் தேர்ந்தெடுங்கள். பழைய கணினியின் பெயர் பட்டியலில் வந்தால் அதைத் தொடுங்கள். ஆனால் ஒன்று, கணினியோடு வந்த உரிமம் அந்தப் போர்டுக்கே உரியது என்பதுதான் பொது விதி. டிரபுள்ஷூட் மறுத்தால் வாதாட வழியில்லை. தனியாகக் காசு கொடுத்து வாங்கிய ரீடெய்ல் உரிமத்தைத்தான் வேறு கணினிக்கு மாற்றலாம்.

புதிதாக வாங்கும் நிலை வந்தால், விண்டோஸ் 10-க்கென்று செலவழிக்காதீர்கள். அதன் இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. புதிதாகப் போட்ட போர்டும் பிராசசரும் விண்டோஸ் 11-ஐ ஏற்குமா, அதற்குத் தேவையான டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். அதுவரை ஆக்டிவேட் ஆகாத விண்டோஸிலேயே வேலை பார்க்கலாம். பின்னணிப் படம், நிறம் மாற்ற முடியாது, அவ்வளவுதான்.

கேள்வி: ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டால் ஆக்டிவேஷன் போய்விடுமா?
– ஒரு வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: போகாது. போர்டு அப்படியே இருக்கிறதே. நிறுவும்போது கீ கேட்டால் 'என்னிடம் கீ இல்லை' என்பதை அழுத்தி, முன்பிருந்த அதே பதிப்பைத் தேர்ந்தெடுங்கள். இணையம் கிடைத்ததும் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும். எதற்கும் டிஸ்க்கைக் கழற்றும் முன்பே மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, டிஜிட்டல் உரிமம் கணக்கோடு இணைந்திருப்பதாக ஆக்டிவேஷன் பக்கம் காட்டுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.