பண மசோதாவுக்குக் கூட்டுக் கூட்டம் உண்டா?

பண மசோதாவை (வரி, அரசுச் செலவு போன்றவை பற்றி மட்டுமே பேசும் மசோதா) மாநிலங்களவை நிராகரித்தால் கூட்டுக் கூட்டம்தானே (இரு அவைகளும் சேர்ந்து உட்கார்ந்து ஓட்டுப் போடுவது), மாதிரித் தேர்வில் ஏன் தப்பு போட்டார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். தப்புதான் நண்பரே. பண மசோதாவை நிராகரிக்கவே மாநிலங்களவைக்கு அதிகாரம் கிடையாது. 14 நாளுக்குள் பரிந்துரையோடு திருப்பி அனுப்பலாம். மக்களவை அதை ஏற்கலாம், ஒதுக்கியும் விடலாம். 14 நாள் தாண்டினால் இரு அவைகளும் நிறைவேற்றியதாகவே கணக்கு. எது பண மசோதா என்று சான்று தருபவர் மக்களவை சபாநாயகர். (சண்டையெல்லாம் அங்கேதான் வருகிறது.)

கூட்டுக் கூட்டம் சாதாரண மசோதாவுக்கு. 2002-இல் பொடா என்ற பயங்கரவாதத் தடுப்பு மசோதாவை மாநிலங்களவை தோற்கடித்தது. கூட்டுக் கூட்டத்தில் ஆதரவு 425, எதிர்ப்பு 296 என்று நிறைவேறிவிட்டது. மக்களவையில் ஆள் அதிகம், அதனால் அதன் கைதான் ஓங்கும்.

அப்புறம், அரசியல் சட்டத் திருத்தத்துக்கும் கூட்டுக் கூட்டம் இல்லை. இதைக் கேட்டும் மடக்குவார்கள். 1970-இல் மன்னர் மானியத்தை (முன்னாள் மன்னர்களுக்கு அரசு தந்த பணம்) ஒழிக்க வந்த திருத்த மசோதாவுக்கு மாநிலங்களவையில் ஆதரவு 149, எதிர்ப்பு 75. திருத்தத்துக்கு ஓட்டுப் போட்டவர்களில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு தேவை, அதாவது 149.33 வேண்டும். முழுசாக ஒரு ஓட்டுகூட இல்லை, அந்தப் பின்னத்தில் விழுந்தது! மறு ஆண்டு 26-ஆவது திருத்தமாகத்தான் நிறைவேறியது.